இனிப்புநீர் வரிசையில் நின்றே மனநல ஆலோசனை பெறுவது எப்படி

மலேசியத் தோட்டத்து ஊரில் ஒரு ரகசியம் மத்தியானம் வரைக்கும்தான் தாங்கும். யார் வீட்டுப் பெண் ஈப்போவில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள், யார் மகன் நான்கு நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறான் என்பதெல்லாம் பாசாரில் கீரை வாங்கும் நேரத்துக்குள் சுங்கை சிப்புட் முழுவதும் தெரிந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மனம் சரியில்லை என்று தயங்கித் தயங்கி வருகிறவர்களுக்குத் துணையாகக் கிளினிக்குக்குப் போய் வருவது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. அவர்களில் அநேகர் என்னிடம் முதலில் கேட்பது, உள்ளே போவதை யாரும் பார்க்காத இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். செலவைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

அதற்கு என் பதில் சற்று விசித்திரமாகத் தோன்றலாம்: எல்லாரும் பார்க்கும் இடத்துக்கே போங்கள். இனிப்புநீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க ஊரே உட்கார்ந்திருக்கும் அரசாங்க சுகாதார கிளினிக்கில், நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். யாராவது கேட்டாலும் "பிரஷர் பார்க்க வந்தேன்" என்று சொன்னால் அது பொய்யாகாது, ஏனென்றால் மருத்துவர் அறைக்கு அனுப்புமுன் உங்களுக்குப் பிரஷரை எப்படியும் பார்த்துவிடுவார்கள். தனியாகப் பெயர்ப்பலகை மாட்டிய மனநல நிலையத்தின் வாசலைத் தேடி ஈப்போவுக்குப் பஸ் ஏறுவதைவிட, நமக்கு ஏற்கெனவே பழகிய அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்காருவது எளிது.

இந்தத் தயக்கத்துக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு தனிக் காரணமும் உண்டு. உலு கிந்தா பஹாகியா என்ற மனநல மருத்துவமனை 1911ஆம் ஆண்டு தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஊரின் பெயரே பேராக் மாநிலம் முழுவதும் வசைச்சொல்லாகிவிட்டது. சேட்டை செய்யும் பிள்ளையை "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டாத வீடு லயத்தில் இருந்ததில்லை. ஜொகூர்க்காரர்கள் அதே வேலைக்குத் தங்கள் மாநிலத்து மனநல மருத்துவமனை இருக்கும் தம்போயைப் பயன்படுத்துகிறார்கள். இப்படி வளர்ந்தவர்கள், தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் சொன்ன மறுநாளே தங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்புவதில் வியப்பில்லை. அப்படி யாரும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநோயாளிகளாகவே, வீட்டில் இருந்துகொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டே குணமடைகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தனை பேரையும் எந்த வண்டியில் ஏற்றுவது?

எவ்வளவு செலவாகும், எப்போது போவது

குடிமக்களுக்குச் சுகாதார கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் அதிலேயே அடங்கும். அங்கிருந்து அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்பினால் அங்கே 5 வெள்ளி. மாற்றுத் திறனாளி அட்டை உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. உண்மையான செலவு போக்குவரத்திலும் அரைநாள் சம்பளத்திலும்தான் இருக்கிறது. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கும் குடியுரிமைச் சிக்கலில் இருப்பவர்களுக்கும் கட்டணம் வேறு என்பதால், அவர்கள் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அட்டையே இல்லாதவர்களும் பின்னால் சொல்லப்போகும் தொலைபேசிச் சேவைகளைத் தயங்காமல் அழைக்கலாம்.

முன்பதிவு இல்லாமல் நேரே போகலாம். ஆனால் முன்பதிவு செய்தவர்களை முதலில் அழைப்பார்கள் என்பதால் காத்திருக்கத் தயாராகப் போங்கள். திங்கட்கிழமை காலையைத் தவிர்த்துவிடுங்கள். வாரக் கடைசி முழுவதும் வீட்டில் இருமிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மதியம் 12.15இலிருந்து 2.45 வரை இடைவேளை விழும். கெடாவில் இருப்பவர்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதை நினைவூட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் அங்கே உள்ள உறவினருக்கு நானே தவறான நாளைச் சொல்லி அலையவிட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் நல்ல நேரம் செவ்வாய் அல்லது புதன், காலை ஏழரை மணிக்கே போய் எண் எடுத்துக்கொள்வது. அடையாள அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் உள்ள பை, தண்ணீர் போத்தல், பசி தாங்காதவர் என்றால் ஒரு பொட்டலம் நாசி லெமாக் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பை முக்கியம், ஏனெனில் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே ஆளைச் சாய்க்கும். மருத்துவர் அதையும் பார்க்க விரும்புவார்.

தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் திரும்பும்போது மறக்காமல் டைம் சிலிப் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் கிளினிக்குக்கு வந்து போன நேரத்துக்கு அதுதான் சான்று. உடல்நிலை வேலைக்கு ஒத்துவராது என்று மருத்துவர் கருதினால் எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் கொடுப்பார். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, வேலைக்குச் சேர்ந்து 2 ஆண்டுகள் நிறையாதவருக்கு ஆண்டில் 14 நாளும், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாளும், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மனத்துக்கு வந்த நோய்க்குத் தனிக் கணக்கு இல்லை, அதுவும் நோய்தான்.

கவுண்டரில் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

என்னைக் கேட்டால், முழுக் காரியத்திலும் கடினமான இடம் இந்தக் கவுண்டர்தான். மருத்துவர் அறையில் அழலாம், ஆலோசகரிடம் மௌனமாக இருக்கலாம், அவர்கள் அதற்குப் பழகியவர்கள். கவுண்டரிலோ கண்ணாடித் தடுப்பின் சின்ன ஓட்டை வழியாக, பின்னால் பதினைந்து பேர் நிற்க, "என்ன நோய்?" என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கிளினிக்குக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்கிறவர். கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரவில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. கவுண்டரில் இருந்த இளைஞர் கேட்டதற்கு அவர் மெதுவாக, "மனசு சரியில்லை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். இளைஞருக்குப் புரியவில்லை. நான் மலாயில் எடுத்துச் சொல்ல வாயைத் திறக்குமுன் அவரே ஊகித்துக்கொண்டு, "சாக்கிட் மெண்டல், கா?" என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்டார். கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்தான். ஆனால் முதல் வரிசையில் அந்தப் பெண்ணின் பழைய கங்காணியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நேரே வெளியே நடந்துவிட்டார். மறுபடியும் வருவதற்கு நான்கு மாதம் பிடித்தது. அதில் என் தவறும் இருந்தது. வரிசையில் நிற்பதற்கு முன்பே நான் அவருக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது அதைச் செய்தோம். கோயில் அர்ச்சனை ரசீது ஒன்றின் பின்புறத்தில், நீலப் பேனாவால், மலாயில் பெரிய எழுத்தில் நான் எழுதிக் கொடுத்தேன்: "சயா சுசா தீடோர் டான் தாக் லாலு மாக்கான், நாக் ஜும்பா டாக்டர்." தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அவர் அதைப் படித்துக்கூடக் காட்டவில்லை. அடையாள அட்டையோடு சேர்த்து ஓட்டைக்குள் தள்ளினார். கவுண்டரில் இருந்த பெண் பார்த்தார், தலையாட்டினார், எண்ணைக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கவுண்டருக்குத் தூக்கமும் பசியும் போதும். உங்கள் கதை முழுவதும் அங்கே தேவையில்லை. கேட்கவும் அவர்களுக்கு நேரமில்லை. மேலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினால், "டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவர் அறைக்குள்

அறைக்குள் போனதும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். நம் மக்கள் மனத்தின் வேதனையை உடம்பின் வழியாகவே சொல்லிப் பழகியவர்கள்: தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பை முறித்துப் போட்டது போல இருக்கிறது என்போம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. அது தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பனடோலோடு வீடு திரும்புவீர்கள். தலைவலியைச் சொன்ன கையோடு, எத்தனை வாரமாகத் தூக்கமில்லை, எப்போதிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை, வேலையில் என்ன தடுமாற்றம், வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் முதல் நாள் இரவே நான்கைந்து வரி தமிழிலேயே எழுதிக்கொண்டு போகலாம்.

மொழி ஒரு தடையாகக்கூடும். தமிழ் தெரிந்த மருத்துவரோ தாதியோ இருந்தால் அவரிடம் விடுங்கள் என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை, சில நேரம் கிடைக்கும், சில நேரம் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். மொழிபெயர்க்கத் துணை தேவையென்றால் யாரை அழைத்துப் போவது என்பதில் கவனம் வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். தன் தாய் வாழப் பிடிக்கவில்லை என்று சொல்வதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மலாயில் எடுத்துச் சொல்ல நேர்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. மாமியாரும் நாத்தனாரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இந்த வேலைக்கு உகந்தவர்கள் அல்லர். கூடப் படித்த தோழி, பழைய ஆசிரியர், கோயில் மகளிர் குழுவில் வாய் இறுக்கமான ஒருவர் என்று தேடுவது மேல்.

மருத்துவர் ஒரு கேள்வித்தாளை நீட்டக்கூடும். அதில் பரவலாகப் பயன்படுவது பி.எச்.கியூ. 9 என்பது. கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை" என்பதற்கு 0, "ஏறக்குறைய தினமும்" என்பதற்கு 3 என மதிப்பெண், மொத்தம் 27. இது பரீட்சை அன்று. முன்னாள் ஆசிரியை என்பதால் சொல்கிறேன், நம் மக்கள் எந்தத் தாளைக் கொடுத்தாலும் நல்ல மதிப்பெண் வாங்கப் பார்ப்பார்கள். இங்கே அப்படிச் சமாளித்து எழுதினால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் நம்பிவிடுவார்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும். அங்கேதான் பேனா நின்றுவிடும். தற்கொலைக்கு முயல்வது முன்பு தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. போலீஸ் வரும், வழக்கு வரும் என்ற பயம் தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. அந்தப் பிரிவை 2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இப்போது அந்த எண்ணத்தையோ முயற்சியையோ மருத்துவரிடம் சொல்வதால் உங்கள் மீது வழக்கு வராது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

சொன்னது வெளியே போகுமா என்பது அடுத்த கவலை. மருத்துவரும் ஆலோசகரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். உங்கள் முதலாளியிடமோ கோயில் தலைவரிடமோ சொல்ல மாட்டார்கள். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தாலும், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிய வந்தாலும், நீதிமன்றம் கேட்டாலும் மட்டுமே அந்த எல்லை மாறும். ஐயம் இருந்தால் பேசத் தொடங்குமுன் "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக முகம் சுளித்த மருத்துவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அங்கிருந்து எங்கே அனுப்புவார்கள்

நிலைமையைப் பொறுத்து அந்த மருத்துவரே தொடர்ந்து பார்க்கலாம், கிளினிக்கில் உள்ள குடும்ப மருத்துவ நிபுணரிடம் அனுப்பலாம், அல்லது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ ஆலோசனைப் பிரிவுக்கோ கடிதம் கொடுக்கலாம். மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். பேச்சின் வழியாக உதவுபவர் ஆலோசகர் அல்லது உளவியலாளர். பலருக்கு இரண்டும் தேவைப்படும். ஆலோசகரிடம் ஓர் அமர்வு ஏறக்குறைய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் நீடிக்கும். முதல் நாள் பெரும்பாலும் உங்கள் கதையைக் கேட்பதிலேயே போய்விடும். "ஒன்றுமே சொல்லவில்லையே, வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாரே" என்று ஏமாற்றத்தோடு வெளியே வருபவர்கள் உண்டு. குறி கேட்கப் போன இடத்தில் போல உடனே பரிகாரம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போவதால் வரும் ஏமாற்றம் அது. மூன்றாவது அமர்வு வரைக்கும் பொறுத்திருந்து பிறகு முடிவு செய்யுங்கள் என்பதே நான் எல்லாரிடமும் சொல்வது.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் அது பனடோல் போல அரை மணி நேரத்தில் கேட்காது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். முதல் சில நாள் குமட்டலோ தலைச்சுற்றலோ இருக்கலாம். சரியாகிவிட்டது என்று தோன்றியதும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

சுகாதார அமைச்சு மெந்தாரி என்ற பெயரில் சமூக மனநல நிலையங்களை நாட்டின் பல ஊர்களில் நடத்துகிறது. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இத்தகைய சமூக நிலையங்களுக்கு இடம் கொடுத்தது. மருத்துவமனை வாடை இல்லாமல், சாதாரண கட்டடத்தில் நடக்கும் இந்த நிலையங்களில் ஆலோசனையோடு, நோயிலிருந்து மீண்டவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்துக் கூடவே நின்று உதவும் திட்டமும் உண்டு. நீண்ட நாள் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த மகன்களைப் பெற்றவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். புறப்படுமுன் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, எந்த நாளில் புதியவர்களைப் பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டால் பஸ் காசு மிச்சமாகும்.

கிளினிக் ஒத்துவராதவர்களுக்கு

கிளினிக் கூடத்தில் உட்காரவே முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். பிரச்சினை நோய் என்பதைவிடக் குடும்பச் சிக்கல் என்றால், தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகங்களில் இலவச ஆலோசனை கிடைக்கும். எல்.பி.பி.கே.என். என்று அதன் மலாய்ச் சுருக்கப்பெயரைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். இளையோருக்கு அதே வாரியம் காஃபேடீன் நிலையங்களை நடத்துகிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு உதவித்தொகை விஷயமாகப் போகிறவர்கள் அங்கேயே ஆலோசனையும் கேட்கலாம்; அதற்கும் காசு இல்லை. உதவித்தொகைப் பாரத்தோடு போகிறவரை ஊர் திரும்பிப் பார்க்காது என்பது கூடுதல் வசதி.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர் பள்ளியிலேயே இருப்பார். சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பொறுப்பும் வகுப்பாசிரியரின் தலையில்தான் விழும். நானும் அப்படிச் சுமந்தவள்தான். பயிற்சி இல்லாமல் சுமந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே ஆரம்பப் பள்ளிப் பிள்ளை என்றால் ஆசிரியரோடு நிறுத்திக்கொள்ளாமல் கிளினிக்குக்கும் போங்கள்.

இலவசம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஆலோசகர்கள் அல்லர். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் செய்யச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். அவர்கள் பெயருக்குப் பின்னால் கே.பி. (பதிவு பெற்ற ஆலோசகர்), பி.ஏ. (தொழில் சான்றிதழ்) என்ற எழுத்துகள் இருக்கும், அந்தப் பி.ஏ. கல்லூரிப் பட்டம் அன்று. முகாம் என்று மண்டபத்தில் மேசை போட்டு உட்காருபவரிடம் இந்த எழுத்துகளைப் பற்றிக் கேட்கலாம். மூன்றாவது அமர்விலேயே பவளமோதிரம் வாங்கச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

தொலைபேசியில் பேச விரும்புபவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளலாம். சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டு தொடங்கிய ஹீல் சேவையின் எண் 15555; பயிற்சி பெற்ற ஆலோசனை அதிகாரிகள் பேசுவார்கள். 1970ஆம் ஆண்டிலிருந்து தொண்டூழியர்களால் நடத்தப்படும் கோலாலம்பூர் பிஃப்ரண்டர்ஸை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. எடுப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் பேசுபவர் எப்போது இருப்பார் என்று கேட்டு, அந்த நேரத்தில் திரும்ப அழையுங்கள். அடி, உதை, குழந்தைத் துன்புறுத்தல் என்றால் தாலியான் காசே 15999, அதுவும் 24 மணி நேரச் சேவை. இந்த எண்களை நான் சின்னத் துண்டுகளாக எழுதி, பலகாரம் கொடுத்து அனுப்பும் பையில் போட்டுவிடுவது வழக்கம்.

இன்றிரவே ஆபத்து என்றால்

ஒருவர் சாகப்போவதாகச் சொன்னாலோ, எல்லாரிடமும் விடைபெறுவது போலப் பேசினாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்லிக் கட்டுக்கடங்காமல் போனாலோ, கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு முழுவதும் திறந்திருக்கும். நேரே அங்கே கொண்டுபோங்கள், வண்டி இல்லாவிட்டால் 999ஐ அழையுங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாமல் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தோட்ட வேலை செய்யும் வீடுகளில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் கழிப்பறை மூலையிலோ சமையலறை அலமாரிக்கு அடியிலோ இருப்பது சாதாரணம். அவற்றை எடுத்துப் பக்கத்து வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படித் தூண்டாது, கேட்ட பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள்.

வர மறுப்பவரை என்ன செய்வது

குடிக்கிற கணவரைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அவர் வர மாட்டார் என்றால் நீங்கள் போங்கள். அவருக்காக அல்ல, உங்களுக்காக. இரவெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் தூக்கமில்லை, சோறு இறங்குவதில்லை. அர்ச்சனை ரசீதின் பின்னால் எழுதிய அதே வாக்கியம் அவருக்கும் பொருந்தும். மனைவி மாறத் தொடங்கிய பிறகு கணவர் தாமாகவே கிளினிக் வரை வந்து வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். உள்ளே வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்வினை, காத்து கருப்பு என்று நம்புகிற பெரியவர்களோடு வாதம் செய்து நான் வென்றதே இல்லை. இப்போது வாதிடுவதையே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலில் எலுமிச்சம்பழம் சுற்றிக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள் என்கிறேன். ஆனால் கட்டிப்போடுவது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது என்று எந்தச் சாமியாடி தொடங்கினாலும் அங்கிருந்து உடனே எழுந்துவிட வேண்டும்.

இரண்டாம் முறை

முதல் முறை போய்விட்டு இரண்டாம் முறை போகாமல் விடுபவர்கள் ஏராளம். திரும்பும்போது கொடுக்கும் தேதி அட்டையை வேறெங்கும் வைக்காமல், வீட்டில் யாருடைய இனிப்புநீர்ப் புத்தகமாவது இருந்தால் அதற்குள்ளேயே செருகி வைத்துவிடுங்கள். அந்தப் புத்தகத்தை எப்படியும் மாதம் ஒருமுறை யாராவது தேடுவார்கள். தேதி தவறிவிட்டால் இனிமேல் திட்டுவார்கள் என்று நினைத்து ஒரேயடியாக நின்றுவிடாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே கவுண்டருக்குப் போய் "மீண்டும் தேதி வேண்டும்" என்று கேட்டால் போதும். சில சமயம் திட்டத்தான் செய்வார்கள், திட்டிக்கொண்டே புதிய தேதியையும் எழுதிக் கொடுப்பார்கள்.